வீட்டுக்காரர் இல்லாத வீடு

மழை கொட்டும் இரவு. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஒரு சின்ன வீட்டின் முன்னால் டெஸ் என்ற இளம்பெண் காரை நிறுத்துகிறாள். மறுநாள் காலையில் அவளுக்கு வேலைக்கான நேர்காணல். அதற்காக இணையத்தில் பதிவுசெய்த வீடு அது. வாசல் கதவருகே எண் பூட்டுடன் ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் சாவி இருக்க வேண்டும், இல்லை. வீட்டைப் பராமரிக்கும் நிறுவனத்துக்குப் போன் செய்கிறாள், யாரும் எடுக்கவில்லை. அப்போது உள்ளே விளக்கு எரிகிறது. தூக்கக் கலக்கத்தோடு ஓர் ஆள் கதவைத் திறக்கிறான். அதே வீட்டை, அதே இரவுக்கு, வேறொரு தளத்தின் வழியாக அவனும் பதிவு செய்திருக்கிறான். ஸாக் க்ரெகர் எழுதி இயக்கி 2022 செப்டம்பரில் வெளியான ‘பார்பேரியன்’ இப்படித் தொடங்குகிறது. ஏறத்தாழ 45 லட்சம் டாலரில் எடுக்கப்பட்டு அதைப்போல் பத்து மடங்கு வசூலித்த படம் இது. அதன் நிலவறையில் இருப்பதைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். ஆனால் நிலவறைக்கு நாம் போவதற்கு முன்பே, அந்தக் காலிப் பெட்டியிலும் யாரும் எடுக்காத போனிலும் படத்தின் பயம் முழுதாக வந்துவிடுகிறது. முன்பின் தெரியாதவர்களை ஒரு வீட்டுக்குள் அனுப்பிவிட்டு, அங்கே என்ன நடந்தாலும் பதில் சொல்ல ஆளில்லாதபடி ஒரு தொழில் வளர்ந்திருக்கிறது என்பதே இந்தப் படம் நமக்குக் காட்டும் செய்தி என்று நினைக்கிறேன். இதை விளக்கக் கதையின் முக்கியமான திருப்பங்களைச் சொல்லியாக வேண்டும். படத்தை இனிமேல்தான் பார்க்கப் போகிறவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

தங்கப் போன இடத்தில் ஆபத்து என்பது சினிமாவுக்குப் புதிதில்லை. ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ 1960-ல் வந்தது. அதை இன்று திரும்பப் பார்த்தால் பேட்ஸ் மோட்டலில் எத்தனை காரியங்கள் ஒழுங்காக நடக்கின்றன என்பது வியப்பாக இருக்கும். மழையில் வந்து நிற்கும் மரியன் என்ற பெண்ணை விடுதிக்காரன் நார்மன் பேட்ஸ் குடையோடு ஓடிவந்து வரவேற்கிறான். வருகைப் பதிவேட்டை நீட்டுகிறான். அவள் பெயர் எழுதுகிறாள், பொய்ப் பெயர்தான் என்றாலும் எழுதுகிறாள். அறைச் சாவியை அவனே எடுத்துத் தருகிறான். பிறகு சுவரில் உள்ள ஓட்டை வழியாக எட்டிப் பார்ப்பவனும் அவன்தான். அந்தப் படத்தின் பயமெல்லாம் ஒரே மனிதனிடம் திரண்டு நிற்கிறது. அவனுக்கு முகமும் முகவரியும் உண்டு. மரியனைத் தேடிவரும் துப்பறிவாளர் அதே பதிவேட்டைப் புரட்டி, கையெழுத்தை ஒப்பிட்டுத்தான் அவள் அங்கே தங்கியதைக் கண்டுபிடிக்கிறார். விடுதிக்காரனே கொலைகாரனாக இருந்த இடத்திலும், விடுதி என்ற ஏற்பாடு ஒரு தடயத்தை விட்டுவைத்திருந்தது. ‘பார்பேரியன்’ வீட்டில் அப்படி ஒரு பதிவேடு கிடையாது. கதை பாதியில் வேறு ஊருக்குத் தாவி, சில நாள்கள் கழித்து வீட்டின் சொந்தக்காரன் அங்கே வந்து சேரும்போது, தங்க வந்தவர்களின் பெட்டிகளும் துணிகளும் போட்டது போட்டபடி கிடக்கின்றன. யார் வந்தார்கள், திரும்பிப் போனார்களா என்பது அவனுக்குத் தெரியாது. அவன் கேட்டுப் பார்க்கும் நிர்வாகத்துக்கும் தெரியாது. இரண்டு பேர் ஒரு வீட்டுக்குள் நுழைந்து காணாமல் போயிருக்கிறார்கள். அதைக் கவனிப்பது யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை.

முதல் அரை மணி நேரம் எப்படி அமைந்திருக்கிறது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். கேவின் டி பெக்கர் எழுதிய ‘தி கிஃப்ட் ஆஃப் ஃபியர்’ என்ற புத்தகத்தைப் படித்த தாக்கத்தில்தான் இந்தக் காட்சியை எழுதத் தொடங்கியதாக க்ரெகர் சொல்லியிருக்கிறார். ஆண்கள் சாதாரணமாக நினைத்துச் செய்யும் சின்னச் சின்னக் காரியங்களில் ஒரு பெண்ணின் உள்ளுணர்வு எச்சரிக்கை மணியைக் கேட்பதைப் பற்றிய புத்தகம் அது. வீட்டுக்குள் இருக்கும் கீத் என்பவனாக நடிப்பவர் பில் ஸ்கார்ஸ்கார்ட். ‘இட்’ படத்தில் குழந்தைகளைக் கொல்லும் கோமாளியாக வந்தவர். அந்த முகத்தைப் பார்த்ததுமே நாம் அவனைச் சந்தேகிக்கத் தொடங்கிவிடுகிறோம். டெஸ்ஸும் சந்தேகிக்கிறாள். அவனுடைய முன்பதிவை நேரில் காட்டச் சொல்கிறாள். அவன் போட்டுத் தரும் தேநீரைத் தொடவில்லை. ஒயின் பாட்டிலை அவள் கண் முன்னால்தான் திறக்க வேண்டும் என்று அவன் காத்திருக்கிறான். படுக்கையறைக் கதவைத் தாழிட்டுக்கொள்கிறாள். ஜார்ஜினா கேம்ப்பெல்லின் நடிப்பில் இந்த எச்சரிக்கை ஒவ்வொன்றும் களைப்போடு வெளிப்படுகிறது. எத்தனையோ இரவுகளில் செய்து பழகிய வேலையின் களைப்பு. நள்ளிரவில், மழையில், ஓட்டல்கள் எல்லாம் நிரம்பிவிட்ட ஊரில், பணம் கொடுத்து வந்த ஒரு பெண் அந்த வீட்டின் பாதுகாப்பு அதிகாரியாகவும் வேலை பார்க்க வேண்டியிருக்கிறது. அவளிடம் பணம் வாங்கியவர்கள் யாரும் அங்கே இல்லை.

கடைசியில் கீத் நல்லவன் என்று தெரிகிறது. படத்தின் முதல் அதிர்ச்சியே அதுதான். அவள் செய்த சோதனைகள் எல்லாம் சரியானவை. அவன் அவற்றில் தேறியும்விட்டான். ஆனால் ஆளைச் சோதிக்க முடிந்ததே தவிர வீட்டைச் சோதிக்க வழியில்லை. கீத் எதிரே உட்கார்ந்திருந்தான், அவனைக் கேள்வி கேட்கலாம், அவன் கண்ணைப் பார்க்கலாம். அந்த வீட்டை யார் கட்டினார்கள், முன்பு யார் குடியிருந்தார்கள், நிலவறைக் கதவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதையெல்லாம் யாரிடம் கேட்பது? நிலவறையில் ஒரு மறைவான கதவையும், அதற்குப் பின்னால் ஒரு கட்டிலும் கேமராவும் கிடக்கும் அறையையும் கண்டு அவள் அலறியடித்து ஓடிவரும்போது, கீத் அவள் சொல்வதை நம்பாமல் தானே போய்ப் பார்க்க வேண்டும் என்கிறான். நல்லவன்தான், ஆனால் அவள் வார்த்தை அவனுக்குப் போதவில்லை. பிறகு அவள் எப்படியோ தப்பி வெளியே வந்து போலீஸை அழைத்துவரும்போது அவர்களும் நம்புவதில்லை. கலைந்த தலையும் அழுக்கு உடையுமாக நிற்பவளைப் போதைக்கு அடிமையானவள் என்று முடிவுகட்டிவிட்டு, வேறு அழைப்பு வந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். அந்த வீட்டில் அவள் தங்கியிருந்தாள் என்பதற்கு அவள் வாய்மொழி மட்டுமே சாட்சி. ‘சைக்கோ’வின் துப்பறிவாளருக்குக் கிடைத்த பதிவேடு போல ஒன்று வாசலில் இருந்திருந்தால் அந்தக் காட்சி வேறு மாதிரி முடிந்திருக்கலாம்.

இந்தத் தொழில் பிறந்த விதத்தை நினைத்துப் பார்த்தால் மாற்றம் எவ்வளவு பெரியது என்பது புரியும். ஏர்பிஎன்பி நிறுவனத்தின் பெயரிலேயே ஒரு காற்று மெத்தை இருக்கிறது. 2007-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு வடிவமைப்பு மாநாட்டுக்கு வந்தவர்களுக்கு, வாடகை கட்டச் சிரமப்பட்ட இரண்டு இளைஞர்கள் தாங்கள் குடியிருந்த வீட்டுக் கூடத்தில் காற்று மெத்தை விரித்து இடம் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு அது நிறுவனமானது. தொடக்கத்தில் விற்கப்பட்டது வீட்டுக்காரரின் விருந்தோம்பல். அவர் அடுத்த அறையில் தூங்குவார், காலையில் காபி போடுவார். இன்று பல வீடுகளில் வீட்டுக்காரர் இருக்கும் இடத்தில் எண் பூட்டுப் பெட்டி தொங்குகிறது. சொந்தக்காரர் ஒரு மாநிலத்தில், நிர்வாக நிறுவனம் இன்னொரு இடத்தில், துப்புரவு செய்பவர் கூலிக்கு வந்துபோகிறவர், தளமோ தன்னை இடைத்தரகர் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறது. வீட்டுக்காரர் போன பிறகும் அவர்மேல் வைத்திருந்த நம்பிக்கை மட்டும் எஞ்சியிருக்கிறது; அதை நட்சத்திரக் குறிகள் ஏந்திக்கொண்டிருக்கின்றன. அந்த நட்சத்திரங்களை பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, ஏறக்குறைய 95 சதவீத வீடுகளின் சராசரி மதிப்பீடு 4.5 அல்லது 5 ஆக இருந்தது. எல்லோரும் முதல் வகுப்பில் தேறும் தேர்வால் யாரையும் தரம் பிரிக்க முடியாது. போர்வை சுத்தமாக இருந்ததா, வைஃபை வேலை செய்ததா என்பதை அது சொல்லக்கூடும். வீட்டுக்கு யார் பொறுப்பு என்பதைச் சொல்லாது.

‘பார்பேரியன்’ வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2020-ல், நடிகர் டேவ் ஃபிராங்கோ இயக்கிய முதல் படமான ‘தி ரென்டல்’ இதே பயத்தை இன்னொரு பக்கத்திலிருந்து தொட்டது. ஓரிகன் கடற்கரையில் ஒரு பங்களாவை இரண்டு ஜோடிகள் வாடகைக்கு எடுக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியான மினா மொஹம்மதி தன் பெயரில் கேட்டபோது மறுக்கப்பட்ட வீடு, அவளுடைய வெள்ளைக்கார நண்பன் கேட்டதும் கிடைக்கிறது. கதைக்காகச் சேர்த்த மிகை அல்ல இது. அமெரிக்காவில் ஐந்து நகரங்களில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் நடத்திய சோதனையில், கறுப்பினத்தவருக்குரியதாகத் தோன்றும் பெயர்களில் வந்த கோரிக்கைகள் ஏற்கப்படும் வாய்ப்பு, வெள்ளையர் பெயர்களில் வந்தவற்றைவிட 16 சதவீதம் குறைவாக இருந்தது. வீட்டுக்காரர் தன்னை மறைத்துக்கொள்ளலாம். விருந்தினர் பெயர் கொடுத்துத்தான் கதவைத் தட்ட வேண்டும். படத்தில் பிறகு குளியலறை ஷவரின் தலைப்பகுதியில் ஒரு கேமரா தெரிகிறது. உடனே போலீஸுக்குப் போக அவர்களால் முடியவில்லை, ஏனென்றால் அந்த இரவின் துரோகம் ஒன்றும் அதில் பதிவாகியிருக்கிறது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் முரட்டு ஆளை எல்லோரும் சந்தேகிக்கிறார்கள். அவனும் பலியாகிறான். கொலைகாரன் அந்த வீட்டுக்காரர்களில் ஒருவனே இல்லை; தானும் வாடகைக்கு வந்து தங்கி, கேமராக்களைப் பொருத்திவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போகிறவன். இந்தத் திருப்பம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எல்லா வீட்டுக்காரர்களும் கெட்டவர்கள் என்ற எளிய குற்றச்சாட்டை அது தள்ளிவிடுகிறது. காவல் இல்லாத இடத்துக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், வந்ததை யாரும் அறியமாட்டார்கள் என்பதுதான் அதன் பயம்.

கேமரா விஷயத்தில் கற்பனையைவிட நடப்பு பின்தங்கியிருக்கவில்லை. டெக்ஸாஸைச் சேர்ந்த ஒரு தம்பதி 2016-ல் ஃபுளோரிடாவின் லாங்போட் கீ தீவில் ஒரு வீட்டை எடுத்துத் தங்கினார்கள். தங்களை ரகசியமாகப் படம் பிடித்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்து, வீட்டுக்காரர்மேலும் ஏர்பிஎன்பிமேலும் வழக்குப் போட்டார்கள். நிறுவனத்தில் கணக்குத் தொடங்கும்போது அவர்கள் ஒப்புக்கொண்ட விதிகளில், தகராறு வந்தால் தனியார் நடுவரிடம் போக வேண்டும் என்று இருந்தது. இந்த வழக்கு அந்த விதிக்குள் வருமா என்பதை யார் தீர்மானிப்பது என்ற கேள்வி ஃபுளோரிடா உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022 மார்ச்சில் தீர்ப்பு வந்தது: அதையும் நடுவர்தான் தீர்மானிக்க வேண்டும். அதாவது, ஆறு ஆண்டுகள் கழித்தும் விவாதம் எந்தக் கதவைத் தட்டுவது என்பதிலேயே நின்றது. ‘பார்பேரியன்’ வீட்டில் கதவுக்குப் பின் கதவாகத் திறந்துகொண்டே போகும் சுரங்கம் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. கேமராக்கள், ஒலி-ஒளிப்பதிவுக் கருவிகள் தொடர்பாகப் பத்தாண்டுகளில் 35,000 வாடிக்கையாளர் உதவிப் பதிவுகள் உருவானதாக நிறுவனத்தின் பிரதிநிதி ஒரு வழக்கில் சொன்னதை சிஎன்என் 2024-ல் வெளியிட்டது. பழுதான டோர்பெல் கேமரா பற்றிய கேள்விகூட அந்தக் கணக்கில் சேரும் என்பது நிறுவனத்தின் விளக்கம். அது நியாயமான விளக்கமாகவே இருக்கட்டும். ஆனால் அறிவித்துவிட்டால் கூடத்தில் கேமரா வைக்கலாம் என்ற அனுமதி 2024 வரை இருந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் இறுதியிலிருந்துதான் வீட்டுக்குள் எங்குமே கேமரா கூடாது என்ற தடை நடைமுறைக்கு வந்தது. நிறுவனம் தொடங்கிப் பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இனி அந்த வீட்டின் சொந்தக்காரனிடம் வருவோம். ஜஸ்டின் லாங் நடித்த ஏஜே என்பவன் லாஸ் ஏஞ்சலஸில் வசிக்கும் தொலைக்காட்சி நடிகன். சக நடிகை அவன்மேல் பாலியல் வன்முறைப் புகார் கொடுக்கிறார்; வேலை போகிறது; வக்கீல் செலவுக்குப் பணம் தேவை. டெட்ராய்ட்டில் வாங்கிப்போட்ட வீட்டை விற்க வருகிறான். நிலவறையில் அந்த மறைவான கதவையும், அதற்கு அப்பால் சுரங்கத்தையும் காண்கிறான். டெஸ் அலறி ஓடிய இடம் அது. அவனோ இணையத்தில் ஒன்றைத் தேடிப் பார்க்கிறான்: தரைக்குக் கீழே இருக்கும் பரப்பையும் விற்பனை விளம்பரத்தில் சதுர அடிக் கணக்கில் சேர்க்க முடியுமா? பிறகு அளவு நாடாவை எடுத்துவந்து, கட்டில் கிடக்கும் அறையையும் கூண்டுகளையும் அடி அடியாக அளந்துகொண்டே இருட்டுக்குள் போகிறான். திரையரங்கில் சிரிப்பு எழும் காட்சி இது. என்னைப் பொறுத்தவரை படம் முழுவதிலும் இதைவிடப் பயங்கரமான காட்சி இல்லை. ஒருத்திக்குச் சிறையாகத் தெரிந்தது இன்னொருவனுக்குப் பரப்பளவாகத் தெரிகிறது. அவன் அந்த வீட்டில் வாழ்ந்ததில்லை. அதன் சுவர்கள் அவனுக்கு எதையும் சொன்னதில்லை. அது மாதாமாதம் பணம் வரும் ஒரு கணக்கு. கெட்டவனாக இருப்பதால் மட்டும் அவன் இப்படி நடந்துகொள்ளவில்லை. தூரத்திலிருந்து ஒரு வீட்டை வைத்திருப்பவருக்கு அந்த வீட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள எந்தக் காரணமும் இல்லாதபடி ஏற்பாடு அமைந்திருக்கிறது.

டெட்ராய்ட்டைத் தேர்ந்தெடுத்ததிலும் இந்தத் தூரம் இருக்கிறது. 1950-ல் ஏறத்தாழ 18.5 லட்சம் பேர் வாழ்ந்த நகரம் 2020-ல் 6.4 லட்சத்துக்குச் சுருங்கிவிட்டது. கார் தொழிற்சாலைகள் வெளியேறின. கறுப்பினத்தவர் அருகில் குடிவந்ததும் வெள்ளையர்கள் புறநகர்களுக்குப் போனார்கள். 2013-ல் மாநகராட்சியே திவால் மனு கொடுத்தது. சொத்து வரி கட்ட முடியாமல் பறிக்கப்பட்ட வீடுகள் வேய்ன் மாவட்ட ஏலத்தில் 500 டாலரிலிருந்துகூடக் கேட்கப்பட்டன. அந்த ஏலம் இணையத்தில் நடந்ததால், ஊரைப் பார்க்காதவரும் வீடு வாங்க முடிந்தது. திரையில் வாங்கிய வீட்டைத் திரையிலேயே வாடகைக்கு விடுவது அதன் அடுத்த படி. படத்தில் வரும் பிரைட்மூர் பகுதி உண்மையிலேயே டெட்ராய்ட்டில் இருப்பது. அங்கேயா தங்கியிருக்கிறாய் என்று நேர்காணல் செய்யும் பெண்மணியே டெஸ்ஸிடம் பதறுகிறார். முன்பதிவுப் பக்கத்தில் இருந்த படங்கள் வீட்டின் உட்புறத்தைக் காட்டியிருக்கும். சுற்றிலும் இடிந்து நிற்கும் வீடுகளை டெஸ் விடிந்த பிறகுதான் பார்க்கிறாள்.

இங்கே ஒரு கனமான ஆட்சேபம் உண்டு. வறுமையில் சிதைந்த ஒரு கறுப்பினக் குடியிருப்பை வெள்ளைக்கார இயக்குநர் ஒருவர் பயமுறுத்தும் பின்னணியாகப் பயன்படுத்திக்கொண்டார், அதுவும் அந்தத் தெருவைப் பல்கேரியாவில் செட் போட்டு எடுத்தார் என்பது அது. இதில் பாதி உண்மை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பிரைட்மூரில் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள். படத்தின் தெருவில் வீடற்ற ஒருவரைத் தவிர யாரும் இல்லை. அதேபோல், நிலவறையில் வாழும் ‘தாய்’ தலைமுறைகளாகத் தொடர்ந்த வன்கொடுமையின் விளைவு. பாதிக்கப்பட்டவளின் உடலையே அருவருப்புக்கு உரியதாகக் காட்டுவது எனக்கு உறுத்துகிறது. ஆனால் தீமையின் பிறப்பிடத்தைப் படம் எங்கே வைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நடுவில் கதை 1980-களுக்குப் போகிறது. வெயில், பச்சைப் புல்வெளி, ஒழுங்கான வெள்ளையர் தெரு, வானொலியில் ரீகன் காலத்துச் செய்தி. அதே வீட்டில் அப்போது குடியிருந்த ஃபிராங்க் என்பவன் சீருடை போட்டுக்கொண்டு பழுதுபார்க்க வந்தவன் போல ஒரு பெண்ணின் வீட்டுக்குள் போய், பிறகு தான் திரும்பிவர வசதியாக ஜன்னல் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டு வருகிறான். பக்கத்து வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டுக் கிளம்பப் போவதாகச் சொல்கிறார்; ஊர் கெட்டுவிட்டதாம். ஊரைக் கெடுத்தது ஃபிராங்க் வீட்டின் தரைக்கு அடியிலேயே இருந்தது. வெள்ளையர்கள் எந்த ஆபத்துக்குப் பயந்து ஓடினார்களோ அது பின்னால் வந்தவர்களிடம் இல்லை என்று இவ்வளவு தெளிவாகச் சொன்ன அமெரிக்க வணிகப் படங்கள் அதிகம் இல்லை. அக்கம்பக்கத்தார் கலைந்துபோனதும் அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த கண்களும் போயின. அந்த வெற்றிடத்தில்தான் சாவிப் பெட்டி வந்து தொங்குகிறது.

இன்னொரு ஆட்சேபம் எண்ணிக்கை சார்ந்தது. கோடிக்கணக்கானவர்கள் இப்படித் தங்குகிறார்கள், மிகப் பெரும்பாலோர் பத்திரமாகத் திரும்புகிறார்கள். ஒரு திகில் படத்தைக் காட்டி ஒரு தொழிலையே சந்தேகிப்பது நியாயமா? விடுதிகளில் மட்டும் குற்றம் நடப்பதில்லையா? நடக்கிறது. தென்கொரியாவில் 30 மோட்டல்களின் 42 அறைகளில் கேமரா வைத்து, சுமார் 1,600 பேரை இணையத்தில் நேரலையாகக் காட்டிய கும்பல் 2019-ல் பிடிபட்டது. பூட்டிய அறை எதிலும் இது நடக்கலாம். ஆனால் விபத்து அரிதாக நடக்கிறது என்பது விபத்துக்குப் பொறுப்பாளி வேண்டாம் என்பதற்கு வாதமாகாது. விமான விபத்து மிக அரிது. அதனால் கறுப்புப் பெட்டி தேவையில்லை என்று யாரும் சொல்வதில்லை. விடுதியில் தவறு நடந்தால் உரிமத்தில் ஒரு பெயர் இருக்கிறது, வாசலில் ஒரு மேசை இருக்கிறது, ராத்திரி இரண்டு மணிக்கு இறங்கிவந்து கதவைத் தட்ட ஓர் இடம் இருக்கிறது. குறுகிய கால வாடகை வீட்டில் இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு ஆள்களிடம் சிதறிக் கிடக்கின்றன, ஒவ்வொருவரும் மற்றவரைக் கைகாட்ட முடியும்.

சட்டத்தால் இதைச் சரிசெய்ய முடியுமா என்பதற்கு நியூயார்க் ஒரு விடை வைத்திருக்கிறது. 2023 செப்டம்பர் முதல் அங்கே 30 நாளுக்குக் குறைவாக வீட்டை வாடகைக்கு விடுகிறவர் மாநகராட்சியில் பதிவு செய்ய வேண்டும். பதிவு எண் இல்லாத வீட்டுக்குத் தளங்கள் பணம் வாங்கக் கூடாது. விருந்தினர் இருவருக்கு மேல் கூடாது. அவர்கள் தங்கும்போது வீட்டுக்காரரும் அந்த வீட்டில் இருக்க வேண்டும். இன்னொரு விதியும் உண்டு: விருந்தினர் வீட்டின் எல்லாப் பகுதிக்கும் போய்வர முடிய வேண்டும், உள்ளே பூட்டிய கதவு இருக்கக் கூடாது. குடியிருப்புப் பற்றாக்குறையையும் தீயணைப்புப் பாதுகாப்பையும் மனதில் வைத்து எழுதப்பட்ட விதிகள் இவை. அவற்றை எழுதியவர்கள் எந்தப் பேய்ப் படத்தையும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் ‘பார்பேரியன்’ பார்த்துவிட்டு அந்த விதிகளைப் படித்தால், வீட்டுக்காரர் உள்ளே இருக்க வேண்டும், கதவு பூட்டியிருக்கக் கூடாது என்ற இரண்டு வரிகளும் அந்தப் படத்துக்கு எழுதிய பதில் போலத் தோன்றும். இதனால் ஓட்டல் முதலாளிகளுக்குத்தான் லாபம், மாடி அறையை வாடகைக்கு விட்டுக் கடன் அடைத்த சாதாரண வீட்டுக்காரர்களுக்கு நஷ்டம் என்று அங்கே போராடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கஷ்டம் உண்மையானது. ஆனால் அதே வீட்டில் குடியிருந்துகொண்டு அறையை விடுகிறவரை இந்த விதி அனுமதிக்கவே செய்கிறது. அது தடுப்பது ஏஜேக்களை. எண்ணிக்கை வரம்பு கடுமையாக இருந்தால் அதைத் தளர்த்தலாம். வீட்டுக்கு ஒரு பெயர் வேண்டும், கூப்பிட்டால் வரும் தூரத்தில் ஓர் ஆள் வேண்டும் என்பதைத் தளர்த்தக் கூடாது.

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஹோம்ஸ்டே தேடுகிற நமக்கும் இந்தக் கேள்வி தொலைவில் இல்லை. இங்கே எந்த விடுதிக்குப் போனாலும் ஆதார் நகல் கேட்பார்கள், நாமும் மறுபேச்சில்லாமல் கொடுக்கிறோம். நம் அடையாளத்தை வாங்கிக்கொள்ளும் வீட்டின் சொந்தக்காரர் யார், அது எங்கே பதிவாகியிருக்கிறது என்று நாம் கேட்பதில்லை. ரகசியமாகப் படம் எடுப்பவருக்குச் சட்டத்தில் தண்டனை உண்டு. பெண்களுக்கு எதிராக இதைச் செய்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவின்படி முதல் குற்றத்துக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஈ பிரிவு ஆண், பெண் எல்லோருக்கும் பொருந்தும். ஆனால் தண்டிக்க ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். சாவியை வாட்ஸ்அப்பில் எண்ணாக அனுப்பிவிட்டு, பணத்தை வேறொரு கணக்கில் வாங்கிக்கொண்டு, வீட்டை மூன்றாவது ஒருவர் பெயரில் வைத்திருக்கும் இடத்தில் அந்தத் தேடல் எங்கிருந்து தொடங்கும்? முன்பதிவு செய்யும் பக்கத்திலேயே பதிவு எண்ணும், பொறுப்பாளரின் பெயரும், உள்ளூரில் இரவிலும் எடுக்கும் ஒரு தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும் என்று மாநில அரசு கட்டாயமாக்குவது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல. விருந்தினரிடம் கேட்பதை வீட்டுக்காரரிடமும் கேட்பது, அவ்வளவுதான்.

‘பார்பேரியன்’ படத்தில் அந்த வீட்டைப் பற்றி உண்மை தெரிந்த ஒருவர் இருக்கிறார். ஆந்த்ரே என்ற வீடற்ற கறுப்பினத்தவர். பல ஆண்டுகளாக அந்தப் பகுதியிலேயே படுத்துத் தூங்குகிறவர். வீட்டில் தங்கிப் போனவர்கள் நட்சத்திரம் போடலாம். வருடக்கணக்காக அதன் அருகே வாழ்கிறவருக்கு அதில் இடமில்லை. நேர்காணல் முடிந்து டெஸ் திரும்பிவரும்போது அவர் தெருவில் அவளை நோக்கி ஓடிவருகிறார், அந்த வீட்டை விட்டு வெளியே வா என்று கத்துகிறார். யாருக்குப் பயப்பட வேண்டும் என்று அவளுக்கு வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொடுக்கப்பட்டதோ, அதே உருவத்தில் அந்த எச்சரிக்கை வருகிறது. அவள் வீட்டுக்குள் ஓடி, கதவைச் சாத்தி, உள்பக்கம் தாழிடுகிறாள்.